மூக்கோரப் பொருக்கும் சோற்றுக் கோப்பையும்: நாய்களில் நாகக் குறைபாடு

மூக்கைச் சுற்றியும் வாயோரத்திலும் கண்ணிமை விளிம்பிலும் தடித்த சாம்பல் நிறப் பொருக்கு. காதோரத்தில் செதில். முழங்கை, பின்கால் கணுக்கால் என்று படுக்கும்போது தரையில் உரசும் இடங்களில் மயிர் உதிர்ந்து தோல் தடிப்பு. உள்ளங்கால் மெத்தைகள் காய்ந்து வெடித்திருக்கும். பெரும்பாலும் இடமும் வலமும் ஒரே மாதிரி. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு நாயைக் கண்டவுடன் "சொறி பிடிச்சிட்டுது" என்பார்கள். வேப்பெண்ணெய் பூசுவார்கள், கந்தகம் பூசுவார்கள், கடைசியில் சொறிக்கடி அடங்க ஒரு ஊசி போடுவிப்பார்கள். இரண்டு கிழமை நாய் சொறியாமல் இருக்கும். ஊசியின் வேகம் தணிந்ததும் பொருக்கு அதே இடத்தில் திரும்பி வரும்.

இப்படித் திரும்பித் திரும்பி வரும் பொருக்குக்குள் ஒரு பகுதி நாகக் குறைபாட்டால் வருவது. நாகம் என்று எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்வதும், துத்தநாகம் என்று தமிழகத்தில் சொல்வதும், மருந்துக்கடையில் 'சிங்க்' என்று கேட்பதும் ஒரே உலோகந்தான். முதலில் பார்க்க வேண்டிய இடம் நாயின் சோற்றுக் கோப்பை, மருந்துக்கடை பிறகு. ஒரேயொரு வகை நாய்க்கு மட்டும் இது பொருந்தாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

உடலில் 300க்கும் மேற்பட்ட நொதியங்கள் இயங்குவதற்கு நாகம் வேண்டும். கலங்கள் வேகமாகப் பெருகும் இடங்களில் குறைபாடு முதலில் தெரியும். தோல் அப்படியான இடம். அடியில் பிறக்கும் தோற்கலம் மேலே வரும்போது தன் கருவை இழந்து, காய்ந்து, மெல்லிய செதிலாகக் கழன்று விழ வேண்டும். நாகம் போதாதபோது கரு கழியாமலே கலங்கள் மேலே வந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கின்றன. நாங்கள் காணும் பொருக்கு அந்த அடுக்குத்தான். அதன் அடியில் பற்றீரியாவும் மதுவமும் குடியேறினால் சீழும் நாற்றமும் சேரும். உடலில் இரும்புக்கு இருப்பதுபோல நாகத்துக்குப் பெரிய சேமிப்பு இல்லை. நாளாந்தம் உணவில் வர வேண்டும். வராவிட்டால் சில கிழமைகளிலேயே தோல் காட்டிக்கொடுத்துவிடும்.

கோப்பையில் உள்ள கணக்கு

வளர்ந்த நாயின் உணவில் 1,000 கிலோகலோரிக்கு 15 மி.கி. நாகம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006இல் தந்த அளவு. வளரும் குட்டிக்கு அது 25 மி.கி. 10 கிலோ எடையுள்ள, ஓடியாடித் திரியும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 730 கிலோகலோரி வேண்டும். அப்படியென்றால் 11 மி.கி. நாகம்.

இப்போது எங்கள் வீடுகளில் நாய்க்கு விழும் சாப்பாட்டைப் பாருங்கள். 400 கிராம் சோறு, 100 கிராம் மீன் அல்லது மீன்தலைச் சதை, கொஞ்சம் குழம்பு. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு அரை மி.கி. அளவுதான் நாகம், 400 கிராமில் 2 மி.கி. பெரும்பாலான மீனிலும் 100 கிராமுக்கு அரை மி.கி.தான். எல்லாம் கூட்டினால் இரண்டரை, மிஞ்சினால் மூன்று. வேண்டியதில் கால்வாசி. வயிறு நிறைந்திருக்கும், நாய் கொழுத்தும் இருக்கும்; நாகம் மட்டும் இராது. கடலோர ஊர் நாய்க்கு மீனால் புரதம் குறையாது, ஆனால் நாகம் குறையலாம் என்று சொன்னால் பலருக்கு நம்ப முடிவதில்லை. நாகம் செறிந்திருப்பது சிவப்பு இறைச்சியிலும் ஈரலிலும். சமைத்த மாட்டிறைச்சியில் 100 கிராமுக்கு 5 மி.கி. அளவு, ஈரலில் 4 முதல் 5, நண்டுச் சதையில் 3 முதல் 4. கோழித் தொடையில் 2, கோழி நெஞ்சில் 1, ஒரு முட்டையில் அரை மி.கி.க்குச் சற்று மேல்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. கந்தசட்டி, வெள்ளிக்கிழமைகள் தனி. வீட்டார் சைவமாக இருப்பது அவர்களுடைய விரதம். அவர்கள் பயறும் பாலும் கடலையுமாகச் சமாளிப்பார்கள். நாய்க்கோ பருப்புச் சோறு மட்டுமே விழுகிறது. ஏற்கெனவே கால்வாசியில் நிற்கும் நாய்க்கு இந்த ஒரு மாதம் போதும். ஆடி, ஆவணியில் கோயில் முடிந்த கையோடு "நாய்க்குத் தோல் வருத்தம்" என்று யாராவது சொன்னால், கடந்த ஒரு மாதம் என்ன போட்டீர்கள் என்று கேட்பது வீண்கேள்வி அல்ல.

பருப்புச் சோற்றில் இன்னொரு தடையும் உண்டு. தானியத்தின் தவிட்டிலும் பருப்பு வகைகளிலும் பைற்றேற்று என்ற பொருள் இருக்கிறது. அது குடலில் நாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்சியமும் கூடச் சேர்ந்தால் மூன்றும் கரையாத ஒரு கூட்டாகி மலத்தோடு போய்விடும். இதை மனிதரில் முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஆனந்த பிரசாத். 1961இல் ஈரானில், புளிக்காத மாவில் சுட்ட ரொட்டியை முக்கிய உணவாக உண்டு வளர்ச்சி குன்றியிருந்த இளைஞர்களைப் பற்றி அவர் எழுதினார். நாகக் குறைபாடு மனிதருக்கும் வரும் என்ற எண்ணம் அங்கிருந்து தொடங்கியது. கல்சியத்தின் பங்கு அதற்கும் முன்னரே தெரிந்திருந்தது. 1955இல் ரக்கர், சல்மன் என்ற இருவர், கல்சியம் கூடிய தீனி தின்ற பன்றிகளின் தோலில் வந்த பொருக்கை நாகம் கொடுத்து மாற்றினார்கள். நாய்களில் இதே குறைபாடு 1960களில் விவரிக்கப்பட்டது.

பருப்பை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்தால் பைற்றேற்று கொஞ்சம் குறையும். மா புளித்தாலும் குறையும். அந்தக் கணக்கில் ரொட்டியைவிடப் பாண் பரவாயில்லை. வெள்ளைப் பச்சையரிசியில் பைற்றேற்றும் குறைவு, நாகமும் குறைவு. தவிடு தீட்டாத குத்தரிசியில் இரண்டும் கூட. ஆகவே அரிசியை மாற்றி இந்தக் குறையை அடைக்க முடியாது.

கிணற்றுத் தண்ணீர்தான் காரணமோ என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருவது இயல்பு. கணக்குப் பார்ப்போம். கடினத்தன்மை லீற்றருக்கு 400 மி.கி. என்றும், அது முழுக்கக் கல்சியத்தால் வந்ததென்றும் வைத்தாலும், லீற்றரில் 160 மி.கி. கல்சியந்தான். 10 கிலோ நாய் ஒரு நாளைக்கு 600 மில்லிலீற்றர் குடித்தால் 96 மி.கி. அந்த நாய்க்கு வேண்டிய கல்சியமே ஏறத்தாழ 730 மி.கி. எட்டில் ஒரு பங்குக்குக் கிணற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

காது நிமிர்வதற்குக் கொடுக்கும் கல்சியம்

குற்றம் சொல்ல வேண்டியது கல்சியப் போத்தலை. அல்சேசன் குட்டி வாங்கினால் காது நிமிர வேண்டும், எலும்பு பருக்க வேண்டும் என்று கல்சியச் சிரப், அதற்கு மேல் முட்டைக்கோது, அதற்கு மேல் பால்மா. ரொட்வீலர், டோபர்மன், லப்ரடோர், கிரேட் டேன் குட்டிகளுக்கும் இதே கதி. பெரிய இனக் குட்டிகளின் குடல், முதல் சில மாதங்களில், வேண்டாத கல்சியத்தை வெளியே தள்ளத் தெரியாதது. போட்டதில் பெரும்பங்கு உள்ளே போகும். எலும்பு வளைவும் மூட்டு வருத்தமும் அதனால் வரும். குடலில் நாகத்தின் வழியும் அடைபடும்.

இந்த வயதில் நாகத் தேவை சின்னதல்ல. மூன்று, நான்கு மாதத்தில் 10 கிலோ நிற்கும் அல்சேசன் குட்டிக்கு 1,300 முதல் 1,500 கிலோகலோரி வேண்டும். அதாவது 33 முதல் 38 மி.கி. நாகம். அதே எடையுள்ள வளர்ந்த நாயைப்போல மூன்று மடங்கு. சோறும் மீனும் கல்சியமும் கொடுத்து வளர்த்தால், உடன்பிறந்த குட்டிகள் ஒரே நேரத்தில் வாயோரம் வெடித்து, காய்ச்சலும் சோர்வுமாகக் கிடப்பதுண்டு. தோல் வைத்தியத்தில் இதை இரண்டாம் வகை என்பார்கள். இதற்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டாம். கல்சியத்தை நிறுத்தி, குட்டிகளுக்கென்று தயாரித்த நல்ல உணவுக்கு மாற்றினால் 2 முதல் 6 கிழமைக்குள் தோல் தெளியும். குணமாவதை விரைவாக்க இடையில் கொஞ்சக் காலம் நாகம் கொடுக்கலாம். காது அதன் வயதில் நிமிரும், கல்சியத்துக்காகக் காத்திருப்பதில்லை.

கடைத் தீனி கொடுத்தால் பிரச்சினை இல்லையா என்றால், தீனியைப் பொறுத்தது. அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கத்தின் ஆகக்குறைந்த அளவு, உலர்நிறையில் கிலோவுக்கு வளர்ந்த நாய்க்கு 80 மி.கி., குட்டிக்கு 100 மி.கி. அந்த அளவைத் தாங்கிய தீனியில் 200 கிராம் தின்னும் 10 கிலோ நாய்க்குப் பதினைந்து மி.கி. வரை கிடைத்துவிடும், மேலே குளிசை தேவையில்லை. 1980களில் அமெரிக்காவிலேயே, மலிவான பெயரில்லாத தானியத் தீனி தின்ற நாய்களுக்கு இதே பொருக்கு வந்து பதிவானது. இங்கே மூட்டையை உடைத்துக் கிலோக்கணக்கில் நிறுத்துத் தரும் தீனியில் சுட்டியே இராது. என்ன தீனி, எந்த வயதுக்கு, எப்போது திறந்தது என்று ஒன்றும் தெரியாது. மூடிய பையில், 'முழுமையான, சமநிலையான உணவு' என்ற குறிப்போடு இருப்பதை வாங்குவதுதான் சரி. அந்தத் தீனியோடு மூன்று பங்கு சோற்றைப் பிசைந்தால் நாகமும் நாலில் ஒன்றாகக் குறையும் என்பதையும் மறக்கக்கூடாது.

வீட்டுச் சமையலே போடுவதென்றால் 10 கிலோ வளர்ந்த நாய்க்கு ஒரு நாளளவு இப்படி வரும்: வெந்த சோறு 250 கிராம், சமைத்த கொழுப்புக் குறைந்த மாட்டிறைச்சி 120 கிராம், ஈரல் 30 கிராம், முட்டை ஒன்று. நாகம் 9 மி.கி.க்குச் சற்று மேல். மீதிக்கு 20 மி.கி. குளிசையில் கால்துண்டு போதும். ஈரலை இதற்கு மேல் கூட்ட வேண்டாம். விற்றமின் ஏ அளவு மிஞ்சிவிடும். எலும்பில்லாத இந்தச் சாப்பாட்டில் கல்சியம் கிட்டத்தட்ட இல்லை என்பதால், இங்கேதான் முட்டைக்கோதுக்கு வேலை: காயவைத்து மாவாக அரைத்து, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. அதைக் காலைச் சாப்பாட்டிலும் நாகத்தை இரவுச் சாப்பாட்டிலும் போட்டால் ஒன்றையொன்று மறிக்காது. மாட்டிறைச்சி புழங்காத வீட்டில் ஆட்டிறைச்சியும் ஏறத்தாழ அதே நாகந்தான். கோழி என்றால் தொடையும் ஈரலும், குளிசை அரைத்துண்டாகும். வெங்காயம் போட்ட குழம்பு எந்த நாய்க்கும் ஆகாது.

சைபீரியன் ஹஸ்கி தனிக்கதை

இனி அந்த ஒரேயொரு வகை. சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மலமூட்டும். கொழும்பிலிருந்து வாங்கி வரும் ஹஸ்கிகளை இப்போது யாழ்ப்பாணத்திலும் காணலாம். இந்த இனங்களில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே குடல் நாகத்தை உறிஞ்சும் திறன் குறைவு. மிக நல்ல உணவு தின்றும், பெரும்பாலும் மூன்று வயதுக்குள், கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு கட்டும். பெண் நாயில் சூடு வரும் காலத்திலும் சினைக்காலத்திலும் கூடும். முதலாம் வகை எனப்படும் இதை உணவை மாற்றித் தீர்க்க முடியாது. ஆயுள் முழுக்க நாகம் கொடுக்க வேண்டும். புல் டெரியர் குட்டிகளில் நாகக் குறைபாடு போலவே தோன்றும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அது நாகத்துக்கு மசியாது. குட்டிகள் பெரும்பாலும் தப்புவதில்லை.

இதுதான் என்று தீர்மானிப்பதற்கு முன்

பொருக்கு கட்டும் நோய்கள் பல. காது நுனியும் முழங்கையும் பிடித்து, இரவு முழுக்க நித்திரையில்லாமல் சொறிந்தால் அது உண்மையான சொறிப்பூச்சி. குட்டியின் முகத்தில் அங்கொன்று இங்கொன்றாக மயிர் உதிர்ந்தால் டெமோடெக்ஸ் பூச்சியோ படர்தாமரையோ இருக்கலாம். மூக்கும் உள்ளங்காலும் தடித்து, கூடவே கண் பீளையும் இருமலும் வயிற்றோட்டமும் இருந்தால், தடுப்பூசி போடாத குட்டியில் டிஸ்டெம்பர் என்ற வைரசு நோயை முதலில் நினைக்க வேண்டும். அதற்கு நாகம் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து. வயதான நாயின் உள்ளங்கால் வெடித்தால் ஈரலைப் பார்க்க வேண்டும். தன்னுடலையே தாக்கும் பெம்பிகஸ் நோயும் மூக்கின் மேல் இதேபோலப் பொருக்கு கட்டும்.

ஆகவே மிருக வைத்தியர் முதலில் தோலைச் சுரண்டிப் பூச்சி பார்ப்பார். ஒட்டுநாடா ஒற்றி மதுவம் பார்ப்பார். இரத்தத்தில் நாகம் அளப்பது பெரிதாக உதவாது. அழற்சி இருந்தாலே அளவு இறங்கும். இரத்தக்கலம் உடைந்தாலோ குழாயின் இறப்பர் மூடியிலிருந்து நாகம் கலந்தாலோ ஏறும். உறுதிப்படுத்துவது தோல் துண்டுப் பரிசோதனை. 6 அல்லது 8 மில்லிமீற்றர் துளைப்பானால், பொருக்கோடு சேர்த்து எடுக்க வேண்டும். இங்கே நடக்கும் பிழை, துப்புரவாக்குவதாக நினைத்து அந்த இடத்தை முதலில் தேய்த்துக் கழுவுவது. சான்று பொருக்கில்தான் இருக்கிறது. கழுவினால் அதுவும் போய்விடும். துண்டைப்போலப் பத்து மடங்கு, அதைக் கெடாமல் வைக்கும் 10 சதவீதப் போமலின் திரவத்தில் போட்டு அனுப்பலாம். இலங்கையில் மிருக மருத்துவப் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுந்தான் இருக்கிறது. போமலினில் போட்ட துண்டுக்கு அவ்வளவு தூரம் ஒரு பொருட்டல்ல. ஸ்டெரொயிட் ஊசி போட்ட உடனே எடுத்த துண்டு ஏமாற்றும். ஊசி போட்டிருந்தால் திகதியைச் சொல்லுங்கள்.

எவ்வளவு, எப்படி

சிகிச்சை அளவு, நாயின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.கி. தனி நாகம். 'தனி' என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பது சில வேளை உப்பின் எடை, சில வேளை அதற்குள் இருக்கும் நாகத்தின் எடை. நாக சல்பேற்று 220 மி.கி. கூட்டுக்குளிசைக்குள் தனி நாகம் 50 மி.கி.தான். ஒரு நீர் மூலக்கூறு உள்ள சல்பேற்று 55 மி.கி.க்குள் 20. குளுக்கோனேற்றில் ஏழில் ஒரு பங்கு. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இலிருந்து குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குப் பரிந்துரைக்கும் 20 மி.கி. குளிசையில் 20 என்பது தனி நாகம். அந்தக் கணக்கில் 10 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை. 24 கிலோ ஹஸ்கிக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நாயில்லாமல் ஏறிக் கழித்துப் பாருங்கள். ஊகித்த எடை பெரும்பாலும் பிழைக்கும்.

நாளளவை இரண்டாகப் பிரித்து, பொடியாக்கி, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சல்பேற்று குடலைப் புரட்டும், நாய் சத்தியெடுக்கும். சாப்பாட்டோடு கொடுத்தும் எடுத்தால் குளுக்கோனேற்றுக்கோ மெதியோனைன் சேர்ந்த நாகத்துக்கோ மாற்றலாம். மெதியோனைன் வகை நன்றாக உறிஞ்சப்படுவதால் அதற்கு 1.7 மி.கி. அளவே போதும் என்பார்கள். பால், கல்சியம், இரும்புக் குளிசை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணித்தியாலமாவது தள்ளிக் கொடுங்கள். எங்கள் ஊரில் இன்னொன்று முக்கியம்: உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டொக்சிசைக்கிளினையும், என்ரோபுளொக்சசின் என்ற பற்றீரியாக் கொல்லி மருந்தையும் நாகம் குடலிலேயே பிடித்துவிடும். ஒரே உருண்டைச் சோற்றுக்குள் இரண்டையும் ஒளித்துக் கொடுத்தால் காய்ச்சல் மருந்து வீணாகும்.

பொருக்கை நகத்தால் கிளப்பாதீர்கள். இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை ஐந்து, பத்து நிமிடம் வைத்தால் தானாக இளகும். கிழமைக்கு இரண்டு தடவை குளோர்ஹெக்சிடின் கழுவி, நுரை பத்து நிமிடம் ஊறியபின் அலம்பலாம். சூடை போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள மீன் கொஞ்சம் சேர்ப்பது தோலுக்கு நல்லது. கிழமைக்கு ஒரு படம் அதே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. ஆறு கிழமையாகியும் அசையவில்லையென்றால் வைத்தியர் அளவைக் கூட்டுவார், அல்லது நோயையே மறுபடி யோசிப்பார். நீங்களாகக் கூட்டாதீர்கள்.

ஏனென்றால் நாகம் மிஞ்சினால் நஞ்சு. சத்தி, சோர்வு, பிறகு சிவப்பணுக்கள் உடைந்து பல்முரசு வெளிறி மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போகும். உண்ணியால் வரும் பபேசியாவிலும், வெங்காய நஞ்சிலும் இதே தோற்றந்தான். அதனால் வைத்தியரிடம் குளிசைப் பெட்டியையும் கொண்டுபோங்கள். குளிசையைவிட அதிகம் நஞ்சாவது விழுங்கிய பொருள்கள்: நாகம் பூசிய கூரை ஆணி, திருகு, வாசர். குழந்தைக்கு நப்கின் கட்டும் இடத்துச் சிவப்புக்குப் பூசும் களிம்பிலும் கலமைனிலும் இருப்பது நாக ஒட்சைட்டு. நாய் நக்கும் இடத்தில் அவற்றைப் பூசக்கூடாது. மனிதருக்கான சில இனிப்புக் குளிசைகளில் இருக்கும் சைலிற்றோல் நாயைக் கொல்லும். எலி மருந்தான நாகப் பொசுபைட்டு பெயரில் மட்டுந்தான் இதற்கு உறவு. அது வயிற்றில் பொசுபீன் வாயுவாகிக் கொல்லும்.

மாதக்கணக்கில் கூடிய அளவு போனால் குடற்சுவர் செப்பை உள்ளே விடாது. செப்புக் குறைந்து இரத்தச்சோகை வரும். ஆயுள் முழுக்க நாகம் குடிக்கும் ஹஸ்கிக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை இரத்தம் பார்ப்பது அதற்காகத்தான்.

அந்த ஹஸ்கியை விட்டுவிட்டு வீட்டார் வெளிநாடு போகிறார்கள், நாய் அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டிலோ நிற்கிறது என்றால் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: நாயின் எடை, எந்த நாகம், ஒரு குளிசையில் தனி நாகம் எத்தனை மி.கி., காலை எத்தனை, இரவு எத்தனை, பாலோடு கொடுக்கக்கூடாது. "தோல் நல்லாத்தானே இருக்கு" என்று குளிசையை நிறுத்தினால் சில கிழமைகளில் மூக்கோரம் மறுபடி வெடிக்கும்.